கட்டுகளற்ற பருவம்

“சார், சூப்பர்வைசருங்க போடற நீலச் சட்டையக் கம்பெனியே குடுக்குமா, இல்ல நானே தைச்சுக்கணுமா?”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்தக் கேள்வியோடு மாங் இசியோ வாசலில் வந்து நின்றபோது, கிளாரோவின் வாயில் பாதி ரொட்டி இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது. இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தான்.

“என்ன சட்டை?”

“நீலச் சட்டை சார். இந்தப் பழுப்புச் சட்டைய இனிமே போட்டா மரியாதையா இருக்காதுல்ல?”

இசியோவுக்கு அறுபத்தோரு வயது. பெரியவர் என்பதால் எல்லாரும் மரியாதையாக ‘மாங்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கடலோர ஊரான மலபோனில் இருக்கும் அந்த மீன்சாறுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷமாக ஊறல் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். நெத்திலியும் உப்பும் எந்த நாளில் பதத்துக்கு வரும் என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். அவர் ஓர் அறைக்குள் வந்து போனால் அந்த வாசனை அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். போன வெள்ளிக்கிழமை அவருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் போயிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமையோடு உங்களுக்கு வேலை இல்லை என்பதுதான் அதில் இருந்த சேதி.

எழுதியவன் கிளாரோ.

ஆனால் தேடிப் பார்த்தாலும் கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடைக்காது. கிளாரோவின் கெட்டிக்காரத்தனமே அதுதான். பதினோரு வருஷமாக மனிதவளப் பிரிவில் கம்பெனியின் எல்லா அறிவிப்புகளையும் அவன்தான் எழுதுகிறான். சம்பளம் ஏறாத வருஷத்துக்கு ‘கைகோத்துப் பொறுத்திருக்கும் ஆண்டு’ என்று பெயர் வைத்தவன் அவன். கழிப்பறைக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் போகக் கூடாது என்ற உத்தரவை ‘உங்கள் உடல்நலத்தை நேசிக்கும் இடைவேளைத் திட்டம்’ என்று எழுதி, அதைப் படித்த பெண் தொழிலாளிகள் இரண்டு பேரைக் கண்கலங்க வைத்தவனும் அவன்தான். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கென்று ஒரு பெருமை இருந்ததென்றால் அது இதுதான்: அவன் கடிதம் வாங்கிய யாரும் இதுவரை அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டதில்லை.

யாரும் இதுவரை வந்து நன்றி சொன்னதும் இல்லை.

மாங் இசியோ சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

“இந்த எடத்தப் படிச்சப்பதான் சார் எனக்குத் தொண்டை அடைச்சுது. ‘எங்கள் குடும்பத்தின் தூணே! இத்தனை ஆண்டுகள் நேரத்துக்கும் மணிச் சத்தத்துக்கும் கட்டுப்பட்டிருந்த தாங்கள், இம்மாத இறுதி முதல் கட்டுகளற்ற புதிய பருவத்தினுள் அடியெடுத்து வைக்கிறீர்கள்.’ எங்க ஃபாக்டரியில மணிச் சத்தத்துக்குக் கட்டுப்படாம வர்றவங்க, போறவங்க யாரு சார்? சூப்பர்வைசருங்கதானே?”

கிளாரோ ரொட்டியை விழுங்கினான்.

“அப்படி… அப்படி நேரடியா எடுத்துக்க வேணாம் மாங் இசியோ.”

“வேற எப்படி எடுத்துக்கறது? நான் ஆறாங் கிளாஸ். நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். பேசாமல், அவசரமில்லாமல் காத்திருந்தார்.

உங்கள் வேலை போய்விட்டது என்று சொன்னால் முடிந்தது. கிளாரோ வாயைத் திறந்தான். பதினோரு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“அதாவது… தொட்டிகளோட உங்களுக்கு இருக்கற உறவு ஒரு மாற்றத்துக்குள்ள போகுது. உங்க அனுபவம் இந்த நாலு சுவருக்குள்ள அடங்காது. அதுக்கு இன்னும் விரிஞ்ச இடம் வேணும்.”

மாங் இசியோ கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“புரிஞ்சுது சார். படாங்காஸ் பக்கம் புதுசாக் கட்டறாங்களே, அந்த ஃபாக்டரிக்கு என்னை அனுப்பறாங்க!”

“இல்ல, இல்ல, அது…”

“நாலு சுவருக்குள்ள அடங்காதுன்னு சொன்னீங்களே சார். அதுக்கு இன்னும் சுவரே எழுப்பல. இப்பவே போயி வீட்டுல சொல்லிடறேன். வாத்துங்கள யாருக்காவது குடுத்துட்டுத்தான் கெளம்பணும்.”

போய்விட்டார். நெத்திலி வாசனை மட்டும் நாற்காலியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள், மாங் இசியோவின் பதினாலு வாத்துகளும் தெருவுக்கு ஒன்றாகக் கைமாறிவிட்டதாகச் செய்தி வந்தது. கிளாரோ சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தான். மேடம் ஒலிவேரோஸின் அறைக் கதவைத் தட்டினான்.

மேடம் ஒலிவேரோஸ் மனிதவளப் பிரிவின் மேலாளர். எல்லாரையும் ‘கண்ணு’ என்பார். திட்டும்போது ‘செல்லம்’ என்பார்.

“உக்காரு கண்ணு. முகமே சரியில்லையே?”

“மேடம், தொட்டி இசியோவுக்கு அனுப்பின கடிதம்… அவரு அதைப் பதவி உயர்வுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு.”

மேடம் ஒலிவேரோஸ் வாய்விட்டுச் சிரித்தார். மேஜையில் இருந்த கண்ணாடி மீன் பொம்மைகள் குலுங்கின.

“இது உனக்கு வெற்றி கிளாரோ! மத்தவங்க எழுதினா வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். நீ எழுதினா மாலை போட்ட மாதிரி இருக்கு.”

“அவருகிட்ட நேரடியாச் சொல்லிடலாம் மேடம். மெஷின் வருது, தொட்டிய எடுக்கறோம், வேலை இல்லேன்னு.”

“சீச்சீ. எவ்வளவு கொடூரமான பேச்சு! முப்பத்தோரு வருஷம் நம்ம குடும்பத்துல இருந்த மனுஷன். வேணும்னா இன்னொரு கடிதம் எழுது. தெளிவா எழுது. ஆனா இதமா எழுது.”

“அவருக்கு எப்பதான் மேடம் தெரிய வரும்?”

“திங்கக்கிழமை கேட்டு திறக்காதுல்ல? அப்ப தானாத் தெரிஞ்சுடும்.” மேடம் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். “உன்னால முடியும் கண்ணு. நீ இல்லேன்னா இந்தக் குடும்பமே ஊமை.”

அந்தக் கை தோளில் பட்டதும் கிளாரோவுக்கு எப்போதும் போல உள்ளுக்குள் ஏதோ இளகிவிட்டது. சம்பளமில்லாத சனிக்கிழமைகளில் அவன் வேலைக்கு வருவதற்கும் அந்தக் கைதான் காரணம். அதற்கு ‘குடும்பச் சனி’ என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

அன்று மாலை வரை உட்கார்ந்து தெளிவான கடிதம் ஒன்றை எழுதினான். முதல் வரி: ‘தங்களுக்கு இனி இங்கே வேலை இல்லை.’ பார்க்கவே கை கூசியது. ‘வேலை’ என்பதை அடித்து ‘சுமை’ என்று மாற்றினான். ‘இங்கே’ என்பது கொஞ்சம் விரட்டுவது போல இருந்தது, எடுத்துவிட்டான். இப்போது வரி இப்படி ஆனது: ‘தங்களுக்கு இனி சுமை இல்லை.’ படிக்க நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருந்த பிறகு, தொடர்ந்து வரும் வரிகளை அதற்குக் கீழே இறக்க மனம் வரவில்லை. மேடம் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘தங்கள் இருக்கை எங்கள் இதயத்தில் என்றும் காலியாகாது.’

புதன்கிழமை காலை கடிதம் போனது. மாலையில் ஃபாக்டரி கேட்டில் நின்றிருந்த காவலாளி போனிங் அவனை மறித்தான்.

“சார், இசியோ கிழவரோட கடிதம் கேட்டீங்களா? பேட்டைத் தலைவரு மைக்ல படிச்சாரு.”

“மைக்லயா?”

“தெருமுனை ஸ்பீக்கர்ல. சுண்ணாம்புச் சந்து முழுக்கக் கேட்டுச்சு. ‘இதயத்தில் என்றும் காலியாகாது’ங்கற எடம் வந்தப்ப ஒருத்தர் வாயத் தெறக்கல சார். பொம்பளைங்க அழுதுட்டாங்க.” போனிங் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். “சனிக்கிழமை விருந்தாம். கிறிஸ்துமஸுக்கு வளர்த்த பன்னிய இப்பவே வெட்டறாங்களாம்.”

கிளாரோ கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“போனிங், ஒரு உதவி. நீ அவரு பேட்டைக்காரன்தானே? பேச்சோட பேச்சா அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்.”

“என்ன வார்த்தை?”

“வேலை போச்சுன்னு.”

போனிங் சிரிக்கவில்லை. “சார், நீங்க எழுதறதோட சரி. அதுக்கப்பறம் வர்ற ஒவ்வொரு திங்கக்கிழமையும் இந்தக் கேட்டுல நிக்கறவன் நான். கடிதத்தக் கையில வெச்சுக்கிட்டு வருவாங்க. அட்டைய மெஷின்ல தேய்ப்பாங்க. செவப்பு விளக்கு எரியும். திரும்பவும் தேய்ப்பாங்க. அட்டைய சட்டையில தொடச்சிட்டுத் தேய்ப்பாங்க. நான்தான் சொல்லணும். என்னால இன்னொரு தடவை முடியாது. நீங்களே போய்ச் சொல்லுங்க.”

கிளாரோ பதினோரு வருஷத்தில் ஒரு திங்கட்கிழமைகூட எட்டு மணிக்கு முன்னால் கேட்டுப் பக்கம் வந்ததில்லை. அவன் வருகிற வழி பின்பக்கம்.

வியாழன் முழுக்கத் தள்ளிப் போட்டான். வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்ததும், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பினான். கடல் ஏறித் தண்ணீர் ஊருக்குள் வந்திருந்த நாள். சுண்ணாம்புச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். காலுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்து, ஷூவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தான். போகிற வழியெல்லாம் வாயை அசைத்துப் பழகினான். “உங்க வேலை போச்சு. உங்க வேலை போச்சு.” எதிரே தண்ணீரில் வந்த ஒரு பெண் நின்று, “ஐயோ பாவம், எப்போ?” என்று கேட்டாள்.

“எனக்கு இல்லம்மா,” என்றான்.

வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. வாசலில் வீட்டை விடப் பெரிய துணிப் பேனர் தொங்கியது. மாங் இசியோவின் அடையாள அட்டைப் புகைப்படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே, ‘நன்றி, எங்கள் தூணே!’ மேடம் ஒலிவேரோஸ் தன் டிரைவரிடம் கொடுத்தனுப்பியது. வாசகம் கிளாரோவுடையது. போன வருஷம் வேறு யாருக்கோ எழுதியது.

கதவைத் திறந்தது மாங் இசியோவின் மகள் ஃபெலிசா. முப்பது வயதிருக்கும். அவன் கையில் இருந்த ஷூவையும் காலையும் பார்த்துவிட்டு, ஒரு துண்டை நீட்டினாள். அவன் துடைத்து முடிக்கும்வரை நின்றாள். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு மூலையில் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

உள்ளே மாங் இசியோவின் மனைவி ஆலிங் தாசியா மலை மாதிரி வெங்காயத்துக்கு நடுவில் இருந்தார். பின்கட்டில் அந்தப் பன்றி உறுமும் சத்தம் கேட்டது.

“வாங்க சார், வாங்க. நீங்களே வந்துட்டீங்களா! எங்க வீட்டுக்காரரு நேத்து ராத்திரியே சொன்னாரு, அவரு வருவாரு பாருன்னு.”

“மாங் இசியோ இருக்காரா?”

“இங்கதான் சார்.” மாங் இசியோ பின்கட்டிலிருந்து வந்தார். புது நீலச் சட்டை போட்டிருந்தார். தையல்காரன் கழுத்தை இறுக்கமாக வைத்துவிட்டான் போல, மோவாயைத் தூக்கியே பேச வேண்டியிருந்தது.

“உக்காருங்க சார். ஏதோ சொல்ல வந்திருக்கீங்க.”

“ஆமா.”

“நல்ல விஷயமா?”

ஆலிங் தாசியாவின் கத்தி வெங்காயத்தின் மேல் நின்றது. மூலையில் பூண்டு உரிக்கும் சத்தமும் நின்றது. மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். தெருவில் யாரோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது.

“மாங் இசியோ. உங்க… உங்க…”

“சொல்லுங்க சார். சின்னதாவே சொல்லுங்க. எனக்கு அதுதான் வசதி.”

கிளாரோ கண்ணை மூடிக்கொண்டான். “உங்க சட்டை நல்லா இருக்கு.”

மாங் இசியோ மெதுவாக மூச்சை விட்டார். ஏமாற்றம் மாதிரி ஏதோ அவர் முகத்தில் வந்து போனதைக் கிளாரோ கவனித்தான். சட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பாராட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

“சரி சார்,” என்றார் கிழவர். “அப்ப நாளைக்கு நீங்கதான் முதல் பேச்சு. மைக் ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

திரும்பி வரும்போது தண்ணீர் தொடை வரை ஏறியிருந்தது. கிளாரோ ஷூவைத் தூக்கிப் பிடிக்க மறந்தே போனான்.

அன்று அவன் தூங்கவில்லை என்று சொன்னால் போதும். இருநூறுக்கு மேல் கடிதங்கள் எழுதியிருந்தான். யார் யாருக்கு என்று நினைத்துப் பார்த்தான். ஒரு முகமும் வரவில்லை. பெயர்கள்கூட வரவில்லை. ‘விடியலை நோக்கி’, ‘சிறகு விரியும் வேளை’, ‘அன்பின் இடைவெளி’ என்று தலைப்புகள் மட்டும்தான் வந்தன. ஒவ்வொன்றையும் எழுதியபோது அவன் அடைந்த சந்தோஷமும் நினைவுக்கு வந்தது. அவர்களின் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படி எழுதுவதாக அவன் இத்தனை நாளும் நம்பியிருந்தான். யார் மனம் என்ற கேள்வி இப்போதுதான் வந்தது.

சனிக்கிழமை மதியம் தண்ணீர் வடிந்து சந்து காய்ந்திருந்தது. நடுத்தெருவில் மேஜைகளை ஒட்டிப் போட்டு, வாழையிலை விரித்து, இரண்டு முனையிலும் சோற்றைக் கொட்டியிருந்தார்கள். நடுவில் பொன்னிறமாக மொறுமொறுவென்று பன்றி படுத்திருந்தது. சந்தில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் பலருடைய உடம்பிலும் பழைய பழுப்புச் சட்டை இருந்தது. கம்பெனி அடையாளத்தை மட்டும் பிரித்து எடுத்திருந்தார்கள். இத்தனை பேரா நம் ஃபாக்டரியில் வேலை செய்தார்கள் என்று கிளாரோ ஆச்சரியப்பட்டான். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. யாரோ கரோக்கி மைக்கை அவன் கையில் திணித்துவிட்டார்கள்.

“பேச்சு! பேச்சு!”

பேட்டைத் தலைவர் கை தட்டி அடக்கினார். “நம்ம இசியோவுக்கு அந்தத் தங்கமான கடிதத்த எழுதின கை இதுதான். இன்னைக்கு வாயும் பேசப் போகுது. கேளுங்க.”

மாங் இசியோ மேஜையின் தலைப்பில், நீலச் சட்டையில், மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளாரோ ஆரம்பித்தான். “அன்புக் குடும்பத்தாரே!”

குரல் தெருவில் முழங்கியது. பழக்கப்பட்ட தடம். கால் தானாக நடந்தது. “ஒரு தொட்டியைப் பார்க்கிறோம். அதில் மீன் இருக்கிறது என்கிறோம். இல்லை! அதில் ஒரு மனிதனின் முப்பத்தோரு ஆண்டுகள் ஊறிக்கொண்டிருக்கின்றன! அந்த உப்பு, கடலின் உப்பா? இல்லை! அது அவர் நெற்றியின் உப்பு!”

ஒரு கிழவி மூக்கை உறிஞ்சினாள். யாரோ ‘ஆமா’ என்றார்கள். கிளாரோவுக்குள் அந்தப் பழைய சந்தோஷம் மெல்லத் தலைதூக்கியது. இன்னும் இரண்டு வரி போனால் அத்தனை பேரையும் அழ வைத்துவிடலாம். அவர்கள் அழுதுகொண்டே கை தட்டுவார்கள், அவன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். திங்கட்கிழமை போனிங் பார்த்துக்கொள்வான்.

மாங் இசியோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் பார்த்த அதே பார்வை. பேசாமல், அவசரமில்லாமல்.

கிளாரோவின் குரல் நின்றது.

மைக் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. யாரோ இருமினார்கள்.

“மாங் இசியோ,” என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. “உங்க வேலை போச்சு.”

“பதவி உயர்வு இல்ல. படாங்காஸும் இல்ல. மெஷின் வாங்கியிருக்காங்க, தொட்டிய எடுக்கறாங்க, அதனால உங்கள எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை வராதீங்க, கேட்டு திறக்காது. இதைப் போன வாரம் வெள்ளிக்கிழமையே எழுதியிருக்கணும். நான் எழுதல. எனக்குத் தைரியம் இல்ல. உங்க மனசு நோகுமேன்னு இல்ல. நான் நோகக் கூடாதுன்னுதான். தூணு, இதயம், குடும்பம்… எல்லாம் நான் எழுதினதுதான். அதுல ஒண்ணுகூட நிஜமில்ல. வேலை போச்சுங்கறதுதான் நிஜம். மன்னிச்சுடுங்க.”

மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சோற்றின் மேலேயே வைத்தான்.

கத்துவார்கள் என்று எதிர்பார்த்தான். அடி விழும் என்றும் எதிர்பார்த்தான். அழுகைச் சத்தத்துக்கு முன்கூட்டியே உடம்பைச் சுருக்கிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேட்டைத் தலைவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். பழுப்புச் சட்டை போட்ட ஒருவர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மாங் இசியோ எழுந்தார். கழுத்துப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, நன்றாக மூச்சு விட்டார்.

“நன்றி சார்,” என்றார். “உக்காருங்க. சாப்பாடு ஆறிடும்.”

அவ்வளவுதான். ஆலிங் தாசியா பன்றியின் முதுகிலிருந்து மொறுமொறுப்பான தோலை உடைத்து, முதல் துண்டைக் கிளாரோவின் இலையில் வைத்தார். சுற்றிலும் கைகள் சோற்றுக்குள் இறங்கின. யாரோ கரோக்கியில் பாட்டுப் போட்டார்கள்.

கிளாரோ இலையைத் தொடாமல் கிழவரையே பார்த்தான். மனிதருக்கு இன்னும் புரியவில்லையா? இவ்வளவு உடைத்துச் சொல்லியுமா? அல்லது மைக் வேலை செய்யவில்லையா? பேசிப் பேசிக் கெடுத்த வாய், கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்தும் யார் காதிலும் விழாமல் போயிற்றா?

இலையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். ஃபெலிசா குழாயடியில் பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம்மா. நான் மைக்ல சொன்னது அப்பாவுக்குச் சரியாக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சார்.”

“புரிஞ்சுதா? இல்ல, நான் இன்னொரு தடவை தனியாப் போய்ச் சொல்லட்டுமா? வேலை போனவரு மாதிரியே இல்லையே அவரு. நிம்மதியா உக்காந்து சாப்பிடறாரு.”

ஃபெலிசா குழாயை மூடினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் கிளாரோவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்பாவுக்குக் கடிதம் வந்த அன்னைக்கே புரிஞ்சுடுச்சு சார், நாலு வருஷத்துக்கு முன்னால நீங்க எனக்கு எழுதினத நம்பி, நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டுத் திங்கக்கிழமை கேட்டுல போய் நின்னேன், அதான் ஒரு தடவையாவது உங்க வாயாலயே சொல்ல வெக்கணும்னு இத்தனையும் பண்ணினாரு.”